மகளைப் பனியன் கம்பெனிக்கு ஒருநாள் கூட்டிப் போகலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். மகள் பத்தாவது எழுதிவிட்டு லீவில் இருக்கிறாள். "உங்க கம்பெனிய ஒருநாள் பாக்கணும்ப்பா" என்கிறாள். எனக்குத்தான் தயக்கம். பஞ்சும் சத்தமுமான இடம், நாளெல்லாம் நின்றுகொண்டே செய்யும் வேலை. பார்த்தால் மனசு விட்டுப்போகுமோ, இல்லை இதுவே போதும் என்று படிப்பில் அக்கறை குறையுமோ? பிளஸ் ஒன்னில் என்ன குரூப் என்பதும் முடிவாகவில்லை.

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள். பதினைந்து வயதில் அப்பாவின் வேலையைப் பார்க்க வேண்டும் என்று தானாகக் கேட்கிற பிள்ளைகள் குறைவு. அமெரிக்காவில் 1993 முதல் இதற்கென்று ஒரு நாளே வைத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது, 2003-ல் பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நமக்கு அப்படித் தனியாக நாள் இல்லாவிட்டால் என்ன, லீவு இருக்கிறதே.

ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடாதீர்கள்: "பாத்துக்கோ, படிக்கலைன்னா இங்கதான் வரணும்." நம் ஊரில் பாதிப் பேர் பிள்ளைகளை வேலையிடத்துக்குக் கூட்டிப் போவதே இதைச் சொல்லத்தான். பக்கத்தில் துணியைக் கைமடித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் காதில் அது எப்படி விழும்? நீங்கள் இத்தனை வருஷமாகச் செய்யும் வேலையை நீங்களே தண்டனை என்று சொன்னால், மகள் அதை வேறு எப்படி மதிப்பாள்? பயமுறுத்திப் படிக்க வைத்த பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். எதிலிருந்து ஓட வேண்டும் என்று மட்டும் தெரியும், எங்கே போவது என்று தெரியாது.

முதலில் அனுமதி. மேனேஜரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஏற்றுமதி கம்பெனிகள் இதில் பயப்படுவதில் நியாயம் உண்டு. வேலை நடக்கும் நேரத்தில் தொழிற்சாலைக்குள் இருப்பவரை, இல்லை என்று நிரூபிக்கும்வரை அங்கே வேலை செய்பவராகவே கருத வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 103-ஆம் பிரிவு சொன்னது. சரக்கு வாங்கும் நிறுவனத்தார் வந்து சோதிக்கும் பையர் ஆடிட்டில் ஒரு சிறுமி கண்ணில் பட்டால் விளக்கம் சொல்லி மாளாது. கேட்டில் பார்வையாளர் பதிவேட்டில் எழுதி, பேட்ஜ் வாங்கிக்கொண்டே உள்ளே போங்கள். துப்பட்டாவைப் பின் குத்தி, முடியைக் கட்டிக்கொண்டு வரட்டும். ஷிப்மென்ட் நெருக்கும் வாரம் வேண்டாம். "ஒரு நிமிஷம் இதைப் பிடி" என்று அவள் கையில் எந்த வேலையும் கொடுக்கக் கூடாது, விளையாட்டுக்குக்கூட.

உங்கள் டேபிளிலேயே காட்ட நிறைய இருக்கிறது. ரோலைப் பிரித்ததும் ஏன் வெட்டுவதில்லை, துணியை ஏன் தளரவிட்டுக் காத்திருக்கிறீர்கள் என்று காட்டுங்கள். இழுபட்டிருக்கும் துணியை அப்படியே வெட்டினால் அப்புறம் சுருங்கி, எம் சைஸ் எஸ் சைஸாகிவிடும் என்பது உங்களுக்குப் பழகிப்போன விஷயம், அவளுக்குப் புதுசு. ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்க்க உதவும் கட்டரையும் காட்டுங்கள். வட்டமாக வெட்டி விழும் துண்டு 100 சதுர சென்டிமீட்டர். தராசில் 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜிஎஸ்எம். ஏன் நூறால் பெருக்குகிறோம் என்று அவளிடமே கேளுங்கள். வட்டத்தின் ஆரம் எவ்வளவு என்பதையும் கேட்கலாம், பத்தாவது கணக்குதான். வெட்டும்போது நீங்கள் போடும் இரும்புக் கையுறையை அவளே கவனித்துவிடுவாள்.

அதோடு நிறுத்த வேண்டாம். அரை மணி நேரம் ஆர்டரை ஆரம்பத்திலிருந்து ஷிப்மென்ட் வரை கவனிக்கும் மெர்ச்சன்டைசர் பக்கத்தில், கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரில் மார்க்கர் (துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்ற வரைபடம்) போடுபவரிடம், அப்புறம் தையல் லைனில் ஒரு பீஸுக்கு எத்தனை நிமிஷம் என்று கணக்கெடுப்பவரிடம், கடைசியாக ஷிப்பிங் ஆபீஸில். ஒரு டி-ஷர்ட்டுக்குப் பின்னால் இத்தனை விதமான படிப்பு இருக்கிறதா என்று அவள் பார்க்க வேண்டும். அவர்களிடம் என்ன படித்தார்கள் என்று அவளே கேட்கட்டும், நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள். அப்பா பக்கத்தில் நின்றால் யாரும் உண்மையான பதில் சொல்ல மாட்டார்கள்.

சனிக்கிழமை போனால் சம்பளக் கணக்கையும் பார்க்கலாம். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் பீஸ் ரேட் எப்படி, ஒன்றரை ஷிப்ட் என்றால் என்ன என்று மறைக்காமல் சொல்லுங்கள். சம்பளம் தெரியாமல் வேலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது சரியில்லை.

குரூப் விஷயம். ஒருநாள் பார்த்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம், ஆனால் அன்று அவள் எங்கே நின்று ரொம்ப நேரம் பார்த்தாள் என்பதைக் குறித்து வையுங்கள். டெக்ஸ்டைல் டெக்னாலஜி பி.டெக்குக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் வேண்டும். தேசிய ஃபேஷன் டெக்னாலஜி கல்வி நிறுவனமான நிஃப்ட்டில் ஃபேஷன் டெக்னாலஜி பட்டத்துக்கும் கணக்கு வேண்டும், அங்கேயே டிசைன் பட்டத்துக்கு எந்த குரூப்பும் போதும். மெர்ச்சன்டைசிங், ஷிப்பிங் பக்கம் மனசு போனால் வணிகவியலும் நல்ல வழிதான். கணக்கில் அவளுக்குப் பயம் இல்லை, ஆனால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றால் கணக்கு உள்ள குரூப்பையே எடுக்கச் சொல்வேன். பிளஸ் டூவுக்குப் பிறகு அதிலிருந்து பி.காம் போக முடியும், வணிகவியலில் இருந்து பி.டெக் போக முடியாது.