தீவில் எழுத்தும் யோகாவும்: தோணி கரையிலேயே நிற்கட்டும்

ஆரையம்பதியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவர் யோகா ஆசிரியை. தமிழ் படிப்பிக்கும் தோழி ஒருவரோடு சேர்ந்து, பங்குனி மாதம் மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் ஒரு சின்னத் தீவில் 12 பெண்களை 3 இரவு தங்கவைத்து எழுத்துப் பயிற்சியும் யோகாவும் நடத்தப் போகிறார். வருபவர்களில் 25 வயதுப் பிள்ளையும் இருக்கிறார், 60 தாண்டியவரும் இருக்கிறார். "அக்கா, காலை 5 மணி தொடக்கம் இரவு 9 மணி வரை நேரசூசி போட்டுவிட்டோம். இரண்டு நேரம் யோகா, மூன்று நேரம் எழுத்து, இரவில் எல்லாரும் எழுதியதைக் கட்டாயம் வாசிக்க வேணும். கைபேசியை முதல் நாளே வாங்கி வைக்கப் போகிறோம். இது சரிவருமா, எதையாவது விட்டுவிட்டோமா?" என்பது அவருடைய கேள்வி.

தங்கச்சி, பங்குனி நல்ல தெரிவு. மழை ஓய்ந்திருக்கும், கச்சான் காற்று இன்னும் தொடங்கியிருக்காது. வைகாசிக்குத் தள்ளியிருந்தால் கண்ணகி அம்மன் சடங்கும் குளிர்த்தியும் வந்து பாதிப் பேர் வரமாட்டார்கள். ஆனால் உங்கள் திட்டத்தில் ஒன்று இல்லை. எழும்பிப் போவதற்கான வழி இல்லை. நான் சொல்லப்போவது முழுக்க அதைப் பற்றித்தான், ஏனென்றால் தீவு என்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஊருக்குள் ஒரு மண்டபத்தில் பயிற்சி வைத்தால், மனம் கனத்துப்போன ஒருவர் "தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று சொல்லி வெளியே போய், வாசலில் நின்று, வேணுமென்றால் ஓட்டோ பிடித்து வீட்டுக்கே போய்விடலாம். தீவில் அது முடியாது. தொழுநோய் வந்தவர்களை இதே வாவிக்குள் இருக்கும் மாந்தீவில் கொண்டுபோய்ப் பிரித்து வைத்த ஊர் இது. நமது மூத்தவர்களுக்குத் தீவு என்ற சொல்லே அமைதியான இடம் என்ற எண்ணத்தை மட்டும் தராது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் நடத்திய முதல் முகாமில் இரண்டாம் நாள் காலை எல்லாரையும் சவாசனத்தில் படுக்கவைத்து, கண்ணை மூடச்சொல்லி, 20 நிமிடம் அப்படியே விட்டேன். நடுத்தர வயதுப் பெண் ஒருவருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது, கை விறைத்தது, "எனக்கு வீட்ட போகோணும்" என்று அழுதார். தோணிக்காரர் மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார், வந்து சேர 3 மணித்தியாலம் ஆனது. அந்த 3 மணித்தியாலமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தீவின் கரையில் உட்கார்ந்திருந்தேன். தோணி வருவதைக் கண்டதும் அவருடைய மூச்சு தானாகவே இறங்கிவிட்டது. ஏறிப் போகவும் இல்லை. தோணி நிற்கிறது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து தோணி கரையில் நிற்காத நேரத்தில் நான் ஒரு மூச்சுப் பயிற்சிகூடத் தொடங்குவதில்லை.

ஆகவே முதலில் தோணியைப் பேசுங்கள். இரவிலும் தீவில் ஒரு தோணியும் அதை ஓட்டத் தெரிந்தவரும் இருக்க வேணும். சாமான் வாங்கப் போவதற்கு வேறு தோணி. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் தீவுக்கு வராது என்பதால் எந்த இறங்குதுறைக்கு நீங்கள் போய்ச்சேர்ந்தால் அது வந்து நிற்கும் என்பதை முன்கூட்டியே பார்த்து, பகலில் ஒருமுறையும் இருட்டில் ஒருமுறையும் அந்தத் தூரத்தை நீங்களே போய் வாருங்கள், எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எழுதி வையுங்கள். தீவு யாருடைய பொறுப்பில் இருக்கிறது, தங்க அனுமதி வேணுமா என்பதைக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வாவியில் முதலை இருக்கிறது. விடியற்காலையிலும் பொழுது படும் நேரத்திலும் கண்டல் பற்றைப் பக்கம் ஒருவரும் காலை நனைக்கக்கூடாது, அழகாக இருக்கிறது என்று தண்ணீர் ஓரத்தில் தியானத்துக்கு இருத்தவும் கூடாது.

இனி எழுத்து. உங்கள் தோழி நன்றாகத் தமிழ் படிப்பிப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எழுத்துப் பிழை திருத்துவது வேறு, ஒருவர் தன் வாழ்க்கையை எழுதும்போது பக்கத்தில் இருப்பது வேறு. நமது பக்கத்தில் "உங்கள் சிறுவயது ஞாபகம் ஒன்றை எழுதுங்கள்" என்று சாதாரணமாகச் சொன்னால் என்ன வரும் என்று யோசியுங்கள். அந்த 60 வயதுக்காரர் 1978 கார்த்திகைச் சூறாவளியில் கூரை பறந்ததைப் பார்த்தவர். 40 வயதுக்காரர் சண்டைக்குள் பள்ளிக்கூடம் போனவர், ஒருவேளை வீட்டிலிருந்து போன ஒருவருக்காக இன்னும் காத்திருப்பவர். 25 வயதுப் பிள்ளை 2004 மார்கழியில் சின்னக் குழந்தை, அந்தக் காலையில் தன்னை யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். நீங்கள் கேட்காவிட்டாலும் பேனை அங்கேதான் போகும்.

போகட்டும், தடுக்கத் தேவையில்லை. எழுதுவது உதவும் என்பதற்கு ஆய்வு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தை எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் பிந்திய மாதங்களில் வைத்தியரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை மோசமாகத்தான் இருந்தது, அந்த வலியைத் தாண்டித்தான் பலன் வந்தது. இதைப் பயிற்சி நடத்துகிற பலர் மறந்துவிடுகிறார்கள். பென்னபேக்கரே பிற்பாடு சொன்ன அறிவுரையும் உண்டு: ஒரு விடயத்தை எழுதினால் தாங்கமாட்டேன் என்று தோன்றினால் அதை எழுத வேண்டாம், வேறொன்றை எழுதுங்கள். இதை முதல் நாளே உரத்துச் சொல்லுங்கள், பிறகு ஒவ்வொரு அமர்விலும் திரும்பச் சொல்லுங்கள்.

இதிலிருந்து நேரத்தையும் தீர்மானிக்கலாம். கனமான எழுத்தை இரவில் வைக்காதீர்கள், அதோடு படுக்கப் போனால் நித்திரை வராது. கடைசி நாளிலும் வைக்காதீர்கள், திறந்த காயத்தோடு ஒருவரைத் தோணியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பக்கூடாது. இரண்டாம் நாள் காலையும் மூன்றாம் நாள் காலையும்தான் அதற்கான இடம். முதல் நாள் கைப்பழக்கத்துக்கு மட்டும்: அம்மாவின் கைகள் எப்படி இருந்தன, குசினியில் அவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றார், புட்டுக் குழல் எங்கே தொங்கியது, இப்படிச் சின்னச் சின்னப் பொருட்களை எழுதச் சொல்லுங்கள். "உணர்வுகளை எழுதுங்கள்" என்று சொன்னால் சினிமாப் பாட்டு வரிதான் வரும். பொருளை எழுதச் சொன்னால் உணர்வு அதுவாகவே வந்து நிற்கும். கடைசி நாள் திரும்பிப் போகிற பாதையை எழுதச் சொல்லுங்கள். இறங்குதுறையில் யார் நிற்பார்கள், வீட்டில் முதலில் எந்தக் கதவைத் திறப்பார்கள். ஊருக்குள் திரும்பி நுழைய அது உதவும்.

இன்னொன்று. ஒருமுறை வயதான ஒருவர் என்னிடம், "மனே, எனக்கு எழுத வராது, சொல்லத்தான் தெரியும்" என்றார். பக்கத்தில் இருந்த பிள்ளையை அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதச் சொன்னேன், ஒரு சொல்லையும் திருத்தக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. தாலாட்டும் கவியும் ஒப்பாரியும் வாயிலேயே வாழ்ந்த ஊரில், பேனை பிடிப்பவர் மட்டும்தான் எழுத்தாளர் என்று ஒருவரும் நினைத்துவிடக்கூடாது. உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள்.

கட்டாயம் வாசிக்க வேணும் என்பதை எடுத்துவிடுங்கள். விரும்பினால் வாசிக்கலாம், விரும்பாவிட்டால் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் போதும், ஏன் என்று கேட்கக்கூடாது. நேரக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 12 பேர் ஆளுக்கு 5 நிமிடம் வாசித்து, 3 நிமிடம் மற்றவர்கள் பேசினால் 96 நிமிடம். ஆறாவது ஆளோடு கேட்பவர்களின் காது அடைத்துவிடும். ஓர் இரவுக்கு மூன்று, நான்கு பேர் போதும். கேட்டவர்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லவேண்டாம், "நீங்கள் இப்படிச் செய்திருக்கலாம்" என்று புத்தி சொல்லவும் வேண்டாம். எந்த வரி மனதில் நின்றது என்பதை மட்டும் சொல்லட்டும். படம் எடுப்பது, வாட்ஸ்அப்பில் போடுவது, கரைக்குப் போய் இன்னொருவரின் கதையைச் சொல்வது, மூன்றும் கூடாது என்று எல்லாரும் வாய்விட்டு ஒப்புக்கொண்ட பிறகே முதல் கொப்பியைத் திறவுங்கள். நம் ஊர்கள் சின்னவை, ஒரு சொல் ஓந்தாச்சிமடத்தில் விழுந்தால் பொழுது படுவதற்குள் கல்லடியில் கேட்கும்.

யோகாவிலும் இதே வழிதான். நீங்கள் ஆசிரியை, ஆசனங்களை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. யோக சூத்திரத்தில் பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணம் இரண்டு சொல்: ஸ்திரம், அதாவது உறுதி; சுகம், அதாவது இலகு. தீவில் சுகத்தின் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாயுங்கள். கண்ணை மூடுவது விருப்பம், திறந்து வைத்துத் தரையைப் பார்த்தாலும் சரி. படுக்க விரும்பாதவர் சாய்ந்து இருக்கலாம். கேட்காமல் ஒருவருடைய உடம்பிலும் கை வைத்துத் திருத்தாதீர்கள், பின்பக்கமாகப் போய்த் தொடவே வேண்டாம். "மூச்சை அடக்குங்கள்" என்பதைவிட வெளிவிடும் மூச்சைக் கொஞ்சம் நீட்டச் சொல்லுங்கள், மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே மெதுவாகிறது. உயர் இரத்த அழுத்தம், இருதய வருத்தம், வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதி வேண்டாம். கண் அழுத்த நோய் இருந்தால் தலைகீழ் ஆசனம் எதுவும் வேண்டாம். இவற்றை வரும் முன்பே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், மற்றவர்கள் முன் கேட்காதீர்கள். காத்தான்குடியிலிருந்தோ ஏறாவூரிலிருந்தோ முஸ்லிம் பெண்கள் யாரும் வருவதாக இருந்தால் ஓம் சொல்வதும் விருப்பமாகவே இருக்கட்டும், ஹலால் சாப்பாட்டையும் தொழுகை நேரத்தையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மணலில் பாயை விரித்துக் கையை ஊன்றும் ஆசனங்களைச் செய்யவைக்காதீர்கள், மணிக்கட்டு புதையும், பிறகு பேனை பிடிக்க வராது. பன்பாய் இருப்பதற்கும் எழுதுவதற்கும் அருமை, ஆனால் சீமெந்துத் தரையில் வழுக்கும்.

நேரசூசியில் பாதியை வெட்டுங்கள். விடியலில் எழும்பி, ஒருவரோடொருவர் பேசாமல், சூரியன் எழும் எழுவான்கரைப் பக்கம் பார்த்து 45 நிமிடம் மெதுவான பயிற்சி. அது முடிந்ததும் பேச்சில்லாமலே 25 நிமிடம் எழுத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் பிளேன்டிகூடக் கொடுக்காதீர்கள். வாய் திறந்து பேசிவிட்டால் அன்றைய முதல் வரி போய்விடும், யோகாவும் எழுத்தும் உண்மையில் சேருவது அந்த இடத்தில்தான். பிறகு சாப்பாடு, 10 மணிக்கு ஓர் எழுத்து அமர்வு. மதியம் 12 தொடக்கம் 4 வரை ஒன்றும் வைக்காதீர்கள். வெயில், நித்திரை, தனிமை. பின்னேரம் கழுத்து, தோள், இடுப்புக்கு அரை மணித்தியாலம். பொழுது மேற்கே படுவான்கரைக்குள் இறங்குவதைப் பார்ப்பது. இரவு வாசிப்பு, 8.30க்கு முடிவு. முடிந்தால் பூரணை இரவு ஒன்று உள்ளே வருமாறு நாளைப் பாருங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டு, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையில் காதை வைத்துப் வாவியின் பாடும் மீனுடைய ஓசை கேட்கிறதா என்று காத்திருப்பது நம் ஆட்களின் பழைய வழக்கம். கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அப்படிக் காதைக் கொடுத்து இருக்கப் பழகியவர் அடுத்த நாள் மற்றவரின் வாசிப்பையும் அப்படியே கேட்பார்.

கைபேசியை வாங்கி வைக்காதீர்கள். பிள்ளையை அம்மாவிடம் விட்டு வந்தவரும் இருப்பார், கணவர் கட்டாரிலிருந்து இரவில்தான் எடுப்பார் என்பவரும் இருப்பார். அமர்வு நேரத்தில் ஒரு பெட்டியில் கிடக்கட்டும், மதியமும் இரவும் அவரவர் கையில். வாவித் தண்ணீர் உவர், ஆகவே உங்கள் இருவரையும் தோணிக்காரரையும் சேர்த்து 15 பேருக்கு ஆளுக்கு 4 லீற்றர் என்றாலும் குடிக்க மட்டும் நாளுக்கு 60 லீற்றர் கொண்டுபோக வேணும், சமையலுக்கு வேறு. நுளம்புச் சுருளின் புகைக்குள் பிராணாயாமம் செய்ய முடியாது, வலை கொண்டுபோங்கள்.

உங்கள் இருவரில் ஒருவர் பயிற்சி நடத்தும்போது மற்றவர் பங்குபற்றக்கூடாது, ஒருவர் எழும்பிப் போனால் பின்னால் போவதற்கென்றே சும்மா இருக்க வேணும். முடிந்தால் மனநல ஆலோசனைப் பயிற்சி உள்ள மூன்றாவது ஒருவரையும் அழைத்துப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ எல்லாருடைய கொப்பியின் முதல் பக்கத்திலும் எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்குள் 12 பேருக்கும் தனித்தனியாக அழைப்பு எடுங்கள், "எழுதுறீங்களா?" என்று கேட்காமல் "நித்திரை வருதா?" என்று கேளுங்கள்.

இதையெல்லாம் செய்ய முன், சித்திரை விடுமுறைக்குள் மூன்று, நான்கு பேருடன் ஒரு பகல் மட்டும் அந்தத் தீவுக்குப் போய் வர முடிந்தால், பங்குனித் திகதியை ஆவணிக்குத் தள்ளினாலும் நட்டமில்லை. கச்சான் அடிக்கும்தான், ஆனால் விடியற்காலை வாவி அடங்கியிருக்கும். போகும்போது தோணிக்காரரையும் உட்காரவைத்துப் பேசுங்கள், இரவு முழுக்க ஏன் நிற்க வேணும் என்பதைச் சொல்லுங்கள், அந்த இரவுகளுக்கான கூலியை முன்பணமாகவே கொடுத்துவிடுங்கள்.