ஐ.டி.ஐ. முடித்த மகனை எங்கே அனுப்புவது?

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்திருக்கிறான். ஒப்பந்தக்காரர் மூலம் பேக்கிங் பிரிவில் வேலை இருக்கிறது, மாதம் பதினைந்தாயிரம். ஒரு பம்பு தொழிற்சாலையில் ஓராண்டு அப்ரண்டிஸாகவும் கூப்பிடுகிறார்கள்; அங்கே ஆறாயிரம் குறைவு. எதற்கு அனுப்புவது ஐயா?
- ஒரு தாய், கோவை

பதில்: பம்பு தொழிற்சாலைக்கு அனுப்புங்கள் அம்மா. மாதம் ஆறாயிரம் குறைந்தால் வீட்டில் என்ன பாடு என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்தில் அவன் படித்த இரண்டு ஆண்டுப் படிப்புக்கு வேலையே இல்லை.

ஐ.டி.ஐ.யில் இரும்புத் துண்டை அராவி, மூலைமட்டம் வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கக் கற்றிருப்பான். அது அடிப்படை. பம்பு தொழிற்சாலையில் மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் தண்டைத் தாங்கும் பேரிங் சூடேறிக் கெட்டுவிடும். சிறு விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, மோட்டாரின் காலடியில் மெல்லிய தகடுகளைச் செருகி, போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒன்றை மட்டும் இறுக்கினால் முள் ஓடிவிடும். இந்தப் பொறுமை மூத்த ஃபிட்டரின் பக்கத்தில் நின்றால்தான் கைக்கு வரும்.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி ஒப்பந்தம் பதிவாக வேண்டும். 'டிரெய்னி' என்று வெறும் அடையாள அட்டை கொடுத்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பதிவு இருந்தால்தான் ஆண்டு முடிவில் தேர்வெழுதி, தேசிய தொழில் பழகுநர் சான்றிதழ் வாங்க முடியும். பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீடு கேட்கும் உரிமையும் உண்டு. இயந்திரத்தின் பக்கமே விடாமல் பிள்ளைகளைச் சுமை தூக்க வைக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். அப்படி நடந்தால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) போன்ற ரயில்வே கூடங்களிலும் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். அங்கே பயிற்சி முடித்தவர்களுக்கு ரயில்வேயின் 'லெவல் 1' எனப்படும் அடிமட்டப் பணிகளுக்கான நேரடி நியமனத்தில் 20 சதவீத இடம் ஒதுக்கீடு உண்டு. அந்த அறிவிப்பு வந்தால் அதற்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.