85,000 ரூபா கட்டிப் பங்கு வர்த்தகம் படிக்கலாமா?

கேள்வி: உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பாளராக வேலை செய்கிறேன். வயது 27. மூன்று வருடங்களாகச் சேர்த்த 3 இலட்சம் ரூபா வங்கியில் இருக்கிறது. எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் இணையவழியில் பங்கு வர்த்தகம் கற்பிக்க 85,000 ரூபா கேட்கிறார்கள். எந்தப் பங்கை வாங்குவது என்று வாட்ஸ்அப் குழுவில் நாளாந்தம் சொல்வார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். சேரலாமா?

பதில்: தம்பி, கட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை வந்து போகட்டும்.

படிப்புக்குச் செலவழிப்பதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் 3 இலட்சத்தில் 85,000 போனால் கையில் மிஞ்சுவது 215,000. அதை மறுபடி 3 இலட்சமாக்க ஏறக்குறைய 40 சதவீத இலாபம் வேண்டும். முதல் பங்கை வாங்கும் முன்பே இவ்வளவு ஆழமான பள்ளம்!

அடுத்தது, அந்த விளம்பரத்தில் வராத செலவு. கொழும்புப் பங்குச் சந்தையில் வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது இன்னொரு 1.12 சதவீதம் கட்டணமாகப் போகிறது. மாதம் ஒரு தடவை முழுப் பணத்தையும் போட்டு எடுத்தாலே வருடத்துக்கு 57,000 ரூபாவுக்கு மேல் இதில் கரையும். நாளாந்தம் குறிப்புத் தருகிறவர்கள் உங்களை மாதம் ஒரு தடவையோடு விடுவார்களா?

கிண்ணியாவிலிருந்து ஒருவர் இதுபோன்ற வகுப்பில் எழுதிய கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். பங்கு விலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் மெழுகுதிரி வரைபடங்கள், சிவப்பிலும் பச்சையிலும். அடிமட்டம் வைத்து, அம்புக்குறி போட்டு, அவ்வளவு நேர்த்தியாகக் கீறியிருந்தார். கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். 1.12 என்ற எண் எங்கும் இல்லை. ஒரு நிறுவனத்தின் கணக்கறிக்கையை வாசிப்பது பற்றி ஒரு வரியும் இல்லை. பாதிக் கொப்பி நிஃப்டி ஆப்ஷன் பற்றியது; நிஃப்டி என்ற பங்குச் சுட்டெண் ஏறுமா இறங்குமா என்று கணித்துப் போடும் ஒப்பந்தம். அது இந்தியச் சந்தையின் சரக்கு. அவர் கணக்குத் திறந்திருந்ததோ கொழும்பில். அந்த உழைப்பைப் பார்க்க மனம் வலித்தது. அந்த இந்தியச் சந்தையிலேயே ஃபியூச்சர், ஆப்ஷன் எனும் எதிர்கால விலை ஒப்பந்த வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதமானோர் 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டார்கள் என்று அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 இல் அறிவித்தது.

சேர்ந்தே ஆக வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், கற்பிப்பவரிடம் 2022 ஆம் ஆண்டுக்கான அவருடைய சி.டி.எஸ். கணக்குக் கூற்றை, அதாவது அவர் பெயரில் உள்ள பங்குகள் பதிவாகும் கணக்கின் கூற்றைக் கேளுங்கள். இலாபம் வந்த ஒரு நாளின் கைபேசிப் படம் போதாது, முழு வருடமும் வேண்டும். அந்த வருடம் கொழும்புச் சந்தையின் மொத்தப் போக்கைக் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 12,226 இல் தொடங்கி 8,489 இல் முடிந்தது. ஏப்ரலில் ஐந்து நாட்கள் சந்தையையே மூடிவைத்தார்கள். அப்போது அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். வெளிநாட்டு நாணய வர்த்தகச் செயலியைப் பதிவிறக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். மத்திய வங்கி பலமுறை எச்சரித்த விடயம் அது. உங்கள் பங்குக் கணக்கின் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தொடக்கத்துக்கு வேண்டியது இலவசமாகவே கிடைக்கிறது. நம் திருகோணமலைத் துறைமுகக் கரையில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்து, சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளை நடத்தும் லங்கா ஐ.ஓ.சி. இரண்டின் வருடாந்த அறிக்கைகளும் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இருக்கின்றன. வாங்கச் சொல்லவில்லை, வாசிக்கச் சொல்கிறேன். டோக்கியோ சீமெந்துக்கு வாக்குரிமை உள்ள பங்கு, இல்லாத பங்கு என இரண்டு உண்டு. விலைகளும் வேறு வேறு. அந்த வித்தியாசம் ஏன் என்று நீங்களே தேடிப் பிடியுங்கள். பத்து மெழுகுதிரிப் படங்களை விட அது அதிகம் கற்றுத்தரும்.

வாடைக் காலத்தில் உப்புவெளி ஹோட்டல்கள் வெறிச்சோடுவதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வைப்பிலேயே விடுங்கள். அதே ஆறு மாதமும் கொப்பியில் மட்டும் வாங்கி விற்றுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 1.12 சதவீதத்தைக் கழித்தே எழுதுங்கள். பிறகு அந்தக் கணக்கை எனக்கு அனுப்புங்கள். உங்களுக்கு வகுப்பு வேண்டுமா, வேண்டுமானால் எவ்வளவு கொடுக்கலாம் என்று அதை வைத்துப் பார்ப்போம்.