மந்த காலத்தில் பசுமை வேலை நிற்குமா? – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கிய பிறகு ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றுபோனது. பிளஸ் டூ படிக்கும் என் மகள் சுற்றுச்சூழல் பொறியியல் சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பணம் புரளும்போது செய்கிற ஆடம்பரம்தானே அது? மந்தம் வந்தால் முதலில் கை வைப்பது அதில்தானே? என்ன சொல்லட்டும் அவளிடம்?

– திருப்பூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ஆடம்பரம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த வேலைகள் பெரிய அளவில் கிடைத்த காலங்களில் ஒன்று, ஊரே வேலையில்லாமல் கிடந்த காலம்.

1933இல் அமெரிக்காவில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. மார்ச்சில் அதிபராகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட், வேலையில்லாத இளைஞர்களைக் காட்டு வேலைக்கு எடுக்க அதே மாதம் சட்டம் கொண்டுவந்தார். ஏப்ரலில் வர்ஜீனியா காட்டில் முதல் முகாம் தொடங்கிவிட்டது. சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்று பெயர். மரம் நடுவது, மண் அரிப்பைத் தடுப்பது, காட்டுத்தீயை அணைப்பது, பாதை போடுவது என்று எல்லாம் உடல் உழைப்பு. மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். ஒன்பது ஆண்டுகளில் சுமார் 30 லட்சம் இளைஞர்கள் வேலை செய்து 300 கோடி மரங்கள் நட்டார்கள். பெண்களை அதில் சேர்க்கவில்லை; கறுப்பினத்தவரைப் பெரும்பாலும் தனி முகாம்களில் வைத்தார்கள். உங்கள் மகளைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

2009இல் அதே நாடு இன்னொரு விதமாக முயன்றது. வீடு கட்டும் தொழில் படுத்து, தச்சர்களும் கொத்தனார்களும் சும்மா இருந்தார்கள். ஏழைகளின் வீடுகளில் குளிரும் வெப்பமும் கசியாமல் அடைக்கும் பழைய திட்டம் ஒன்றுக்கு அரசு 500 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. வாசல் நிலையில் துணித் தடுப்பையும் பெரிய மின்விசிறியையும் பொருத்தி, வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுப்பார்கள். உள்ளே அழுத்தம் குறைந்ததும், ஜன்னல் ஓரம், குழாய் நுழையும் ஓட்டை என்று எங்கெல்லாம் சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே பாயும். கையை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதை அடைத்துவிட்டு, பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த பஞ்சைக் கூரைக்கடியில் ஊதி நிரப்புவார்கள். வேலை இழந்த ஒரு தச்சருக்கு இதைக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகாது.

ஆனால் பணம் வந்ததுமே வேலை வரவில்லை. உள்ளூர் நியாயக்கூலி தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. இந்த வேலைக்கு அப்படி ஒரு கூலி விகிதமே இல்லை. தொழிலாளர் துறை ஊர் ஊராக அதை நிர்ணயித்து முடிப்பதற்குள் அந்த ஆண்டின் பெரும்பகுதி போய்விட்டது. அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. கூலி நியாயமாக இருக்க வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மந்தம் வருவதற்கு முன்பே அதை முடித்து வைத்திருக்க வேண்டும்.

ஸ்பெயின் கதை வேறு. சூரிய மின்சாரத்துக்கு அரசு தாராளமாக விலை கொடுத்ததால் 2008இல் ஒரே ஆண்டில் 2,500 மெகாவாட்டுக்கு மேல் நிறுவினார்கள். செலவு தாங்காமல் அந்த ஆண்டே அரசு விலையைக் குறைத்து, ஆண்டுக்குச் சுமார் 500 மெகாவாட் என்று வரம்பும் போட்டது. அடுத்த ஆண்டு சந்தை படுத்துவிட்டது. நம்பி வந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நீங்கள் பயப்படுவது இந்த மாதிரி வேலையைத்தான், இல்லையா?

அதனால் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். ஒரு வேலையைப் பார்க்கும்போது, சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். மானியத்தை நம்பி நிற்பது மானியத்தோடு போகும். சட்டம் கட்டாயப்படுத்துவது அவ்வளவு சுலபமாகப் போகாது. இதற்கு உங்கள் ஊரே சாட்சி. நொய்யலில் ஓடிய சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயிகள் நீதிமன்றம் போய், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உத்தரவு வந்ததே, அப்போது ஊர் பட்ட பாடு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இன்று ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது. ஆர்டர் குறைந்தால் வரும் கழிவுநீர் குறையும், ஆட்களும் கொஞ்சம் குறையலாம். ஆனால் சாயம் ஓடும் நாள் வரை கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கியும் ஓடியாக வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது, அதை என்ன செய்வது என்பதற்கு இன்னும் சரியான வழி இல்லை. அதற்கு வழி தேடக்கூடியவர்கள் உங்கள் மகளைப் போன்றவர்கள்தான்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், கழிவுநீர் ஆய்வகம் உண்மையில் இயங்குகிறதா என்று பாருங்கள். வேதியியலில் அவள் எப்படி என்று டீச்சரிடம் கேளுங்கள். அப்புறம், தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கி, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு ஒருநாள் அவளைக் கூட்டிப்போங்கள். அங்கே ஷிப்ட் பார்ப்பவர்களிடம் சம்பளம் என்ன, என்ன படித்தார்கள் என்று அவளே கேட்கட்டும். நாற்றத்தையும் பார்த்துவிட்டு, அதன் பிறகும் வேண்டும் என்றால் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்.