ரெக்கை விரிச்ச வீடு எதுக்கு?

கேள்வி: சார், இங்கிலாந்துல 1900 வாக்குல கட்டுன ஒரு வீட்டு பிளான் பார்த்தேன், நடுவுல ஒரு பாகம், ரெண்டு பக்கமும் விங் நேரா போகாம சாய்ஞ்சு போகுது, பட்டாம்பூச்சி மாதிரியே இருக்கு. அழகுக்காகவா இப்படி கட்டுனாங்க?

பதில்: அழகு அப்புறம்தாங்க, மொதல்ல வெயில். அந்த ஊர்ல வெயில் தேடிப் பிடிக்க வேண்டிய விஷயம். ரெண்டு விங்கையும் தெக்குப் பக்கமா முன்னால மடக்குனா, மேற்கு விங்கோட உள்பக்கம் தென்கிழக்கைப் பார்க்கும், அங்க காலை வெயில் விழும், கிழக்கு விங்குக்கு சாயங்கால வெயில், நடுவுல இருக்கற முற்றத்துக்கு ரெண்டு விங்கும் காத்தைத் தடுக்கும், அதனால குளிர்லயும் வெளிய உட்கார முடியும்.

இந்த பிளானுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் எட்வர்ட் பிரையர்ங்கற ஆர்க்கிடெக்ட். டெவன்ல எக்ஸ்மவுத் கடலோரம் 1896-97ல 'தி பார்ன்'னு ஒரு வீடு கட்டுனாரு, புல்லுக்கூரை போட்டு. 1905ல தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு, திரும்பக் கட்டும்போது ஸ்லேட் கல்லுக் கூரை வந்துருச்சு. அவரோட குருவான நார்மன் ஷா நார்தம்பர்லேண்ட்ல செஸ்டர்ஸ் மாளிகைக்கு 1890கள்லயே சாய்வு விங் சேர்த்திருந்தாரு, பொறி அங்கதான் கெடைச்சிருக்கணும்னு எனக்குப் படுது.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது நார்ஃபோக்ல இருக்கற ஹோம் பிளேஸ், இப்ப வோவுட்னு சொல்றாங்க, 1903-05ல பிரையரே கட்டுனது. சுவர் எல்லாம் கான்கிரீட், அந்தக் காலத்து வீட்டுக்கு அது பெரிய துணிச்சல். அதுக்கு வேண்டிய ஜல்லியை அந்த மனையிலயே தோண்டி எடுத்தாங்க, தோண்டுன பள்ளத்தை தாழ்வான தோட்டமா மாத்திட்டாங்க, ரெண்டு விங்குக்கும் முன்னால அது விரிஞ்சு கெடக்கு. வீடும் நிலமும் இவ்ளோ ஒட்டிப் போன இன்னொரு வீட்டை எனக்கு சொல்லத் தெரியல.

கஷ்டமும் இருக்கு. விங் வந்து சேர்ற மூலைல ரூம் சதுரமா வராது, கட்டில் பீரோ எதுவும் ஒழுங்கா ஒட்டாது, மேல ரெண்டு கூரை சந்திக்கற பள்ளத்துல மழைத்தண்ணி ஒழுகுற பயம் வேற, ஒரு கோடில இருந்து மறு கோடிக்கு நடையும் ஜாஸ்தி. அதனால நீங்க பிளான் பார்க்கறப்ப அந்த மூலையைத்தான் மொதல்ல பாருங்க: அங்க மாடிப்படியோ ஸ்டோர் ரூமோ வச்சிருந்தா கெட்டிக்கார ஆர்க்கிடெக்ட், பெட்ரூமை வச்சிருந்தா அதுல குடியிருக்கறவங்க பாடு கஷ்டம்.