மதன் எரியும்போது மேடை இருளலாமா?

கேள்வி: அண்ணே, மதனைச் சிவன் எரிக்கிற கதையான தோட்டத்துக் காமன் கூத்துக்கு எல்ஈடி பார் லைட்டும், அதை இயக்குகிற 192 சேனல் டிஎம்எக்ஸ் கன்ட்ரோலரும் வாடகைக்கு எடுத்தோம். பதிந்த வெளிச்சங்களை வரிசையாக மாற்றுகிற சேஸை ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் மேடை இருளுது. மதன் எரியிற காட்சியோ, கல்யாண வீட்டு சீரியல் பல்ப் மாதிரி இருக்கு. என்ன செய்ய?
– பொகவந்தலாவை வாசகர்

பதில்: தம்பி, அந்த இருட்டை எனக்கு நல்லாத் தெரியும். காமன் பொட்டலில் நான் முதல்முதல் லைட் போட்ட வருஷம், சிவன் நெற்றிக்கண் திறக்கிற நேரம் பார்த்துத்தான் வந்தது. கரன்ட் போச்சு என்று தப்பு மேளம் நின்றுவிட்டது. முன்னால் இருந்த ஆயா ஒருத்தி மட்டும் சாமி கோபம் என்று கும்பிட்டாள்.

நிறத்தை ஏற்றிவிட்டு, வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுகட்டையான டிமர் ஃபேடரை மறந்திருப்பீர்கள். இல்லையென்றால் ஒன்றும் பதியாத சீன் (ஒரு வெளிச்ச அமைப்பின் பதிவு) ஒன்று சேஸுக்குள் ஒரு படியாக நுழைந்திருக்கும். புரோகிராம் பட்டனை 3 விநாடி அமுக்கிப் பிடித்து, சேஸைத் தொட்டு, டேப் டிஸ்பிளே அடித்தால் படி எண் தெரியும். பேங்க் அம்புக்குறியால் ஒவ்வொன்றாகப் போங்கள். இருண்ட படி வந்ததும் ஆட்டோ டெல் பட்டனை அடித்து அதை அழியுங்கள். டிமர் மறந்த சீன் என்றால், சரியாகப் பதிந்து புதுப் படியாகச் சேருங்கள்.

இனி நெருப்பு. ஸ்பீட் ஃபேடர் எல்லாப் படிக்கும் ஒரே நேரத்தைத்தான் கொடுக்கும். சீரியல் பல்ப் அங்கேதான் பிறக்கிறது. நெருப்புக்கு ஏது தாளம்? ஒரே சீனை அடுத்தடுத்து இரண்டு மூன்று தரம் சேர்த்தால் அது அவ்வளவு நேரம் நிற்கும். நான் போடுவது சீன் எண் 1, 1, 3, 2, 4, 4, 4, 2, 1, 3 என்று தாறுமாறாக. ஒரு சேஸ் 240 படி கொள்ளும். 30 போட்டாலே சுற்று திரும்புவது யாருக்கும் தெரியாது.

சீன் நாலு போதும். மூன்றில் சிவப்பு முழு அளவான 255, பச்சை மட்டும் 20, 45, 70. நாலாவதில் சிவப்பு 120, பச்சை 10. நீலம் எதிலும் 0. இரண்டு லைட்டைத் தரையில் வைத்து மேலே திருப்புங்கள். ஒரு சீன் அடுத்ததாக மெல்ல மாறுவதற்கான ஃபேட் ஃபேடரைத் துளி ஏற்றினால் போதும், கூடினால் சுடர் குழம்பிவிடும்.

மியூசிக் பட்டன் பக்கம் கை போகவே வேண்டாம். தப்புச் சத்தம் உள்ளே இருக்கிற மைக்கில் ஏறி, அடிக்கு ஒரு படி தாவும்.

ரதி ஒப்பாரிக்குச் சேஸ் எதற்கு? நீலத்தில் ஒரே சீன், கையை எடுத்துவிடுங்கள். மாசிப் பனி இறங்கினால் ஸ்மோக் மெஷின் வாடகையும் மிச்சம்.