தீர்மான நோட்டை வாசித்துக் காட்டுங்கள்: பள்ளி நிர்வாகம் பற்றிய கேள்வி பதில்

31 வருடம் திருநெல்வேலி மாவட்ட அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். கடைசி 14 வருடம் தலைமை ஆசிரியை. மானூர் பக்கம் ஆரம்பித்தேன், நடுவில் ராதாபுரம் பக்கம் காற்றாலைகளுக்கு மத்தியில் இருந்தேன், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஓய்வு பெற்றேன். பள்ளி மேலாண்மைக் குழு, தலைமை ஆசிரியர் பொறுப்பு, பெற்றோர் பங்கு பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு, பார்த்ததையும் செய்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

முக்கூடலிலிருந்து ஒரு தாய்: டீச்சர், நான் பீடி சுற்றுகிறேன். என்னையும் மேலாண்மைக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போனால் நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதற்கு மேல் எனக்கு என்ன வேலை? அரை நாள் பீடியும் போகிறது.

அம்மா, உங்களைப் பெயருக்குச் சேர்த்ததாக நினைக்க வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில், குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. 2022ல் தமிழ்நாட்டில் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர். அந்தக் குழுவுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வேலை பெரிது: பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது.

கையெழுத்து விஷயத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். தலைமை ஆசிரியை ஆன முதல் வருடம், மாதக் கடைசியில் அவசரம் என்று, தீர்மானத்தை எழுதுவதற்கு முன்பே ஆறேழு தாய்மாரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். அப்புறம்தான் நான் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் ஒரு அம்மா, "போன தடவை நாங்க என்ன முடிவு எடுத்தோம் டீச்சர்?" என்று கேட்டார்கள். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை ஒரு வழக்கம் வைத்தேன். கூட்டம் தொடங்கியதும் போன மாதத் தீர்மானத்தைச் சத்தமாக வாசிப்பது, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்வது. கூட்டம் முடியும்போது இன்றைய தீர்மானத்தை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து.

நீங்கள் கேட்க வேண்டியதும் அது ஒன்றுதான். "வாசித்துக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்" என்று சொல்லுங்கள். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை, கோபமும் வேண்டியதில்லை.

நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும். உங்கள் ஊரிலும் மேலப்பாளையத்திலும் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கினால் அன்றைய கூலி குறையும். பீடி ஒப்படைக்கிற நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, "தாய்மார் அக்கறை இல்லாதவர்கள்" என்று சொல்லும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அது நியாயமே இல்லை. எந்த நேரம் தோது என்று நீங்கள் நாலு பேர் பேசி, குழுத் தலைவர் மூலமாகச் சொல்லுங்கள். நான் ஒரு பள்ளியில் கூட்டத்தைப் பீடி சுற்றும் தெருவிலேயே, ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்தேன். தட்டு மடியில் இருந்தபடியே பேசினார்கள். அந்த வருடம் அதைவிட நல்ல கூட்டம் எனக்கு அமையவில்லை.

சேரன்மகாதேவிப் பக்கமிருந்து: குழுத் தலைவி ஒரு தாய். ஆனால் கூட்டத்தில் அவர் கணவர்தான் உட்கார்ந்து பேசுகிறார். ஊர்ப் பெரியவர் என்பதால் யாரும் சொல்லத் தயங்குகிறார்கள்.

தலைமை ஆசிரியர்தான் இதைச் சரி செய்ய வேண்டும். அண்ணாச்சியை அவமானப்படுத்த வேண்டாம். ஒரு நாள் வீட்டுக்கே போய், "கூட்டத்தில் உறுப்பினர் மட்டும்தான் உட்காரலாம், வருகைப் பதிவில் மதினி பெயர்தான் இருக்கிறது" என்று இருவர் முன்னாலும் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் தலைவிக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். சத்துணவுக் கூடத்தைப் பார்த்துவிட்டு வந்து என்ன கண்டார் என்று சொல்லச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்ல யாருக்கும் தயக்கம் வராது. முதல் தடவை இரண்டு வாக்கியம் வரும். ஆறு மாதம் போனால் அவரை நிறுத்த முடியாது.

திசையன்விளையிலிருந்து ஒரு தகப்பனார்: பள்ளிக்கு வரும் மானியம் பற்றிக் கேட்டால் தலைமை ஆசிரியர் முகம் சிவக்கிறது. கேட்பது தப்பா?

தப்பே இல்லை. சட்டப்படி உங்கள் குழுவின் வேலை அது. ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. சமக்ர சிக்‌ஷா என்ற கல்வித் திட்டத்தின் விதிப்படி 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். அதில் பத்தில் ஒரு பங்காவது சுத்தம், சுகாதாரத்துக்குப் போக வேண்டும்.

இந்தத் தொகையை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள் ஐயா. 90 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு வருடம் முழுவதற்கும் 25,000. சாக்பீஸ், மோட்டார் பழுது, துடைப்பம், மின்விளக்கு எல்லாம் அதற்குள். பல தலைமை ஆசிரியர்கள் பணம் வருவதற்கு முன்பே கைக்காசைப் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் "கணக்கு எங்கே" என்று கேட்டால் சுருக்கென்று படும். அதனால் "இந்த வருடம் எவ்வளவு வந்தது, எதற்கெல்லாம் தேவைப்படுகிறது சார்?" என்று தேவையிலிருந்து தொடங்குங்கள். தலைமை ஆசிரியர்களுக்கு நான் சொல்வது: அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். வரவு செலவை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ராதாபுரம் பக்கத்தில் நான் ஒட்டிய மூன்றாம் நாள் ஒரு எலக்ட்ரீஷியன் தகப்பனார் வந்து, "மோட்டாருக்கு இவ்வளவா கொடுத்தீங்க? அடுத்த தடவை என்னைக் கூப்பிடுங்க" என்றார். அதன் பிறகு பழுதுக்கூலி என்று நான் ஒரு பைசா கொடுத்ததில்லை.

வள்ளியூர் அருகே புதிதாகப் பொறுப்பேற்ற நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்: ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி. என்னைவிட மூத்தவர்களும் இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள். காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பள்ளி வாசலில் நில்லுங்கள். வரும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். யார் தாமதமாக வருகிறார்கள், யார் சாப்பிடாமல் வருகிறார்கள், எந்த ஆசிரியரைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடிப்போய் வணக்கம் சொல்கிறார்கள், எல்லாம் அந்த வாசலிலேயே தெரிந்துவிடும்.

நான் போன ஒரு பள்ளியில் மதியத்துக்கு மேல் வருகை விழுந்தது. பிள்ளைகளிடம் கண்டிப்பு போதாது என்று ஆசிரியர்களில் ஒரு கட்சியும், பெற்றோர் சரியில்லை என்று இன்னொரு கட்சியும் சொன்னார்கள். ஒரு வாரம் வாசலில் நின்று பார்த்தேன். போனவர்களில் முக்கால்வாசிப் பெண் பிள்ளைகள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, வீட்டுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. குழாயைச் சரி செய்தோம், பிள்ளைகள் இருந்தார்கள். அதைவிட முக்கியம், அந்தக் குழாயைச் சரி செய்ய இரண்டு கட்சியிலிருந்தும் ஒவ்வொரு ஆசிரியரைச் சேர்த்துத்தான் பொறுப்பு கொடுத்தேன். சேர்ந்து வேலை செய்து ஒன்று முடிந்தால், அடுத்த தடவை பேச்சு கொஞ்சம் தணிந்து வரும். சமாதானக் கூட்டம் போட்டு அதைக் கொண்டுவர முடியாது.

மூத்தவர்களை வகுப்பில் போய்ப் பார்ப்பதற்கு முன், உங்கள் வகுப்பைப் பார்க்க அவர்களை அழையுங்கள். நீங்களும் ஒரு பாடம் கட்டாயம் எடுக்க வேண்டும். பாடம் எடுக்காத தலைமை ஆசிரியர் சொல்லும் எதற்கும் ஆசிரியர் அறையில் எடை இருக்காது. ஆசிரியர் கூட்டத்துக்கும் தீர்மான நோட்டு வைத்து, அதையும் வாசியுங்கள். இரண்டு கட்சியும் ஒன்றாகக் கேட்கிற ஒரே பேச்சு அதுவாகக்கூட இருக்கலாம்.

நாங்குநேரி வட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை: பிள்ளைகள் கையில் கலர் கயிறு கட்டி வருகிறார்கள். எந்தக் கலர் எந்தச் சாதிக்கு என்று ஊருக்கே தெரியும். கழற்றச் சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். பயமாகவும் இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களில் அவன் பள்ளியிலேயே படித்தவர்கள் இருந்தார்கள். அந்தச் செய்தியை வாசித்த ராத்திரி நான் தூங்கவில்லை. என் பள்ளிகளிலும் கயிறு இருந்தது, நானும் பல நாள் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போயிருக்கிறேன். அதற்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழ்நாடு அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அவர் அறிக்கை கயிறுக்கும் நெற்றிக்குறிக்கும் தடை கேட்டது, பள்ளிகளின் பெயரிலிருந்து சாதிப் பெயரை நீக்கச் சொன்னது.

ஆனால் வகுப்பில் எல்லார் முன்னாலும் கத்தரியை எடுத்துவிடாதீர்கள். அன்று சாயந்தரமே அது ஊர்ப் பிரச்சினை ஆகிவிடும். எனக்குப் பலன் தந்த வழியைச் சொல்கிறேன். பிரச்சினை வருவதற்கு முன்பே, ஜூன் மாதத்திலேயே, மேலாண்மைக் குழுவில் வைத்து விதியை முடிவு செய்யுங்கள். "சீருடையோடு வேறு அடையாளம் எதுவும் கூடாது" என்று ஒரு வரி போதும். குழுவில் எல்லாத் தெருவிலிருந்தும் பெற்றோர் இருந்தாக வேண்டும். ஒரு தெரு விடுபட்டிருந்தால் அந்தத் தீர்மானத்துக்குப் பலம் கிடையாது. அப்புறம் கழற்றச் சொல்லும்போது அது டீச்சர் சொன்னதாக இருக்காது, அவர்கள் கையெழுத்துப் போட்டுச் சொன்னதாக இருக்கும். கழற்ற மறுக்கும் பையன் வீட்டுக்கு நீங்கள் தனியாகப் போகாதீர்கள். அதே தெருவைச் சேர்ந்த ஒரு உறுப்பினரோடு போங்கள்.

இன்னும் சில காரியங்கள் நம் கையிலேயே இருக்கின்றன. பெஞ்சில் அகர வரிசைப்படி உட்கார வையுங்கள். கபடி அணியைப் பிள்ளைகளே பிரிக்க விடாதீர்கள். உதவித்தொகைப் படிவம் வரும்போது வகுப்பில் நின்று "இந்தச் சாதிப் பிள்ளைகள் எழுந்திருங்க" என்று கூப்பிடுகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை இன்றே நிறுத்துங்கள். அலுவலகத்தில் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே கூப்பிட்டால் முடிகிற வேலை அது. ஆசிரியர் அறையில் நாம் பேசுவதும் பிள்ளைகள் காதில் விழும் என்பதை மறக்காதீர்கள். மிரட்டல் வந்தால் தனியாகச் சுமக்க வேண்டாம். தலைமை ஆசிரியர் மூலம் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து: எங்கள் பிள்ளைகள் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. எல்லாவற்றையும் தாளாளரே முடிவு செய்கிறார். எங்கள் குழுவுக்கு அதிகாரம் உண்டா?

குறைவுதான். 2012ல் வந்த சட்டத் திருத்தப்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் மற்ற உதவி பெறும் பள்ளிகளிலும் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். அரசுப் பள்ளிக் குழுவுக்கு உள்ள பிடி உங்களுக்கு இல்லை. ஆனாலும் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்ற 17ஆம் பிரிவும், பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, படிப்பு பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் கடமையாக வைத்திருக்கும் 24ஆம் பிரிவும் சிறுபான்மையினர் நடத்தாத உதவி பெறும் பள்ளிகளுக்கும் பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பாளையங்கோட்டை தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கியது இந்த மாதிரிப் பள்ளிகளால்தான், அதில் எனக்கும் பெருமை உண்டு. நானே அப்படி ஒரு பள்ளியில் படித்தவள். ஆலோசனையை எழுத்தில் கொடுங்கள், தீர்மானத்தில் ஏறச் செய்யுங்கள். எழுதி வாசித்த ஆலோசனையைத் தாளாளர் எளிதில் ஒதுக்க முடியாது.

மும்பையிலிருந்து ஒரு முன்னாள் மாணவர், சொந்த ஊர் களக்காடு: பள்ளிக்கு ஒரு அலங்கார வளைவு கட்டித் தரலாம் என்று நண்பர்கள் பேசுகிறோம்.

உங்கள் மனசு பெரிது தம்பி. ஆனால் வளைவுக்கு முன் ஒரு போன் போட்டு, இந்த வருடப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் கழிப்பறை சுத்தம் செய்பவருக்கு மாதச் சம்பளம், சுற்றுச்சுவர், கோடையில் தண்ணீர் இப்படித்தான் இருக்கும். அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது, அதன் வழியாகக் கொடுத்தால் கணக்கு சுத்தமாக இருக்கும். 2024ல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஊரில் இருக்கும் உங்கள் வகுப்புத் தோழர் யாராவது அதில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, அம்பாசமுத்திரம் வட்டாரம்: பெரியவர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். எங்களை யாரும் கேட்பதில்லை. நாங்கள் என்ன செய்வது மிஸ்?

நீ கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது மக்களே. உங்கள் பள்ளியில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி இருக்க வேண்டும். இருக்கிறதா, பூட்டியே கிடக்கிறதா என்று முதலில் பார். அதில் போட்டால் யார் திறக்கிறார்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேள். யாராவது தொட்டோ பேசியோ தொந்தரவு செய்தால் பெட்டியை நம்பிக் காத்திருக்காதே. உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கோ, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417க்கோ பேசு. நம்புகிற ஒரு பெரியவரிடமும் சொல்.

மற்ற குறைகளுக்கு, அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் உன் தோழிகளோடு உட்கார்ந்து மூன்றே விஷயம் எழுது. நாப்கின் எரிக்கும் மெஷின் ஓடவில்லை, நூலகம் திறப்பதில்லை, பஸ் நேரமும் பள்ளி நேரமும் ஒத்துவரவில்லை, இப்படி எதுவானாலும் சரி. குழுவில் உள்ள ஒரு தாயிடம் அந்தத் தாளைக் கொடு. கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல். மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுப் பக்கம் போய், நோட்டில் ஏறியதா என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்குப் போ.